நெஸ்டர் பாரனின் இடது திருப்பம்

நெஸ்டர் பாரன் பேசிக்கொண்டிருக்கும்போது மேலே ஏதாவது விமானம் போனால் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவார். சத்தம் முழுவதும் அடங்கும்வரை வாயைத் திறக்கமாட்டார். அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். தன் கல்யாணத்தன்று பாதிரியாருக்கு முன்னால் நின்று உறுதிமொழி சொல்லும்போதும் இப்படித்தான் நிறுத்தினாராம். அவர் மனைவி மரூசியா அதை இன்றைக்கும் விடவில்லை.

"எல்லாரும் மாப்பிள்ளைக்கு மனசு மாறிடுச்சுன்னு நெனச்சுட்டாங்க. எங்கப்பா போய் வாசக்கதவுகிட்ட நின்னுக்கிட்டாரு, ஓடினா புடிக்கறதுக்கு" என்பார்.

நான் ரூனா. கனடாவின் மனிடோபாவில், பெரிய ஏரிக்கு மேற்கே இருக்கும் எங்கள் சின்ன விமானத் திடலில் விமானம் பழுது பார்க்கிறவள். பார்த்து முடித்துக் கையெழுத்துப் போட உரிமம் உள்ளவள். பயிருக்கு மருந்தடிக்கும் விமானங்கள்தான் என் பிழைப்பு. வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள். நானும் மறுத்ததில்லை. அந்த வாயை வைத்துக்கொண்டு ஒரு விஷயத்தை நான்கு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

நெஸ்டர் ஒன்றும் பெரிய மனிதர் இல்லை. கோதுமைக் கிடங்கில் எடை போட்டார். பிறகு இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினார். கனமான உடம்பு, மெல்லிய குரல். இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்துவிட்டார், இரண்டும் கால்கரியில் இருக்கின்றன. கிறிஸ்துமஸுக்கு வந்து, போகும்போது உறைபெட்டியைக் காலி செய்துவிட்டுப் போகும். இவ்வளவுதான் ஊருக்குத் தெரிந்த நெஸ்டர்.

ஊருக்குத் தெரியாத நெஸ்டர் 1967 செப்டம்பரோடு நின்றுபோனவர். அப்போது வயது இருபது. ஏரிக்கரைப் படைத்தளத்தில் ஜெட் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார். டி-33 என்று ஒரு பயிற்சி ஜெட், முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை. கடைசிச் சோதனைகளில் ஒன்று இது. மாணவன் பின்னால் உட்கார வேண்டும். அவன் தலைக்கு மேலே கேன்வாஸ் துணியை இழுத்து மூடிவிடுவார்கள். வானம், தரை எதுவும் தெரியாது. எதிரில் இருக்கும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்ட வேண்டும். அவற்றில் முக்கியமானது அடிவானக் கருவி, விமானம் நேராக இருக்கிறதா சாய்ந்திருக்கிறதா என்று காட்டுவது. மேகத்துக்குள் மாட்டிக்கொண்டால் என்ன செய்வாய் என்பதுதான் கேள்வி. முன்னால் தேர்வாளர் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்.

இடதுபக்கம் செங்குத்தாகச் சாய்ந்து ஒரு முழு வட்டம் அடிக்கச் சொன்னார்கள். உயரம் குறையக் கூடாது. நெஸ்டர் பாதி வட்டத்துக்குள் நானூறு அடி இறங்கிவிட்டார். தேர்வாளர் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். கீழே வந்ததும் நெஸ்டர், "அடிவானக் கருவி சிக்கிக்கிச்சு சார், நேரா இருக்குன்னு காட்டுச்சு" என்றார். தேர்வாளர், "கருவி சரியாத்தான் இருக்கு. நீ உன் உடம்பு சொன்னத நம்பிட்டே" என்று சொல்லிவிட்டு எழுதப் போய்விட்டார். அந்தக் கருவியை யாரும் கழற்றிப் பார்க்கவில்லை. மறுநாள் நெஸ்டர் ஊருக்குப் போகும் பேருந்தில் இருந்தார்.

பேருந்து நின்ற இடத்தில் அவருடைய அப்பா லாரியோடு காத்திருந்தாராம். ஏன் வந்தாய், என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வந்துட்டியா, நல்லது. ரெண்டாவது லாரிக்கு ஆள் இல்ல" என்று மட்டும் சொன்னார். அறுவடை நேரம்.

இதை நெஸ்டர் என்னிடம் சொன்னது 2006-ல். ஒரு நாள் என் கொட்டகைக்குள் வந்து ஒரு பழைய குறிப்பேட்டைப் பிரித்து மேசையில் வைத்தார். அவர் பறந்த ஒவ்வொரு மணியும் அதில் இருந்தது. கடைசி வரியில் ஒரு தேதி, 418 என்று முடியும் ஒரு விமான எண், வேறொருவர் கையெழுத்தில் 'தேறவில்லை' என்ற சொல்.

"அந்த 418 கெடச்சிடுச்சு ரூனா" என்றார்.

ஏதோ ஒரு தொழிற்பள்ளியில் முப்பது வருஷம் மாணவர்கள் பிரித்துப் பிரித்துப் பூட்டிய ஜெட் அது. இனி வேண்டாம் என்று கழித்துக் கட்டியிருக்கிறார்கள். நெஸ்டர் அப்பாவின் நிலத்தில் நூற்று அறுபது ஏக்கரை விற்று அதை வாங்கியிருந்தார். மூன்று லாரிகளில் வந்து இறங்கியது. இறக்கை ஒரு லாரியில், உடம்பு ஒரு லாரியில், மூன்றாவதில் பெட்டி பெட்டியாகப் பெயர் தெரியாத சாமான்.

மரூசியா கொட்டகை வாசலில் நின்று பார்த்தார். "மாமனார் வெச்சிட்டுப்போன நெலத்த வித்து மனுஷன் தகரம் வாங்கிட்டு வந்திருக்காரு. அதுவும் முழுசா இல்ல, துண்டு துண்டா."

நான் நெஸ்டரைத் தனியாக இழுத்துக் கேட்டேன். "யோவ், உனக்கு இப்ப என்னதான் வேணும்? பறக்கணுமா?"

"தெரிஞ்சுக்கணும்."

"என்னத்த?"

"அன்னைக்குப் பொய் சொன்னது கருவியா, நானான்னு. அதே சீட்டு, அதே துணி, அதே திருப்பம். ஒரே ஒரு தடவ."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. அடிவானக் கருவியைக் கழற்ற எட்டு ஸ்க்ரூ. மேசையில் வைத்துச் சோதிக்க ஒரு மணி நேரம். 1967-ல் அந்தத் தளத்தில் என்னைப்போல் முந்நூறு பேராவது இருந்திருப்பார்கள். ஒருவருக்கும் அந்த எட்டு ஸ்க்ரூவைத் திருகத் தோன்றவில்லை. ஒரு பையன் அதை ஆயுசு முழுக்கச் சுமந்திருக்கிறான். என் தொழிலுக்கே அவமானம் என்று பட்டது. சரி என்றேன்.

இரண்டு வருஷத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தோம். பன்னிரண்டு ஆயிற்று. கோடையெல்லாம் எனக்கு மருந்தடிக்கும் விமானங்கள், அதனால் குளிர்காலம்தான் எங்களுக்கு. வெளியே மைனஸ் முப்பது, உள்ளே ஒரு விறகடுப்பு. எலிகள் கடித்துவைத்த மின்கம்பிகளை ஒவ்வொன்றாக மாற்றினோம். ரப்பர் குழாய் ஒன்றுகூடத் தேறவில்லை. இன்ஜினைச் சுற்றி ஓர் இடுக்கான அறை உண்டு. நெஸ்டரின் தோள் அதற்குள் நுழையாது. நான்தான் போவேன். அவர் வெளியே குந்திக்கொண்டு விளக்கைப் பிடிப்பார். உள்ளே எத்தனை சாமான் போனது, எத்தனை திரும்பி வந்தது என்று எண்ணிக்கொண்டே இருப்பார். ஒரு துணித்துண்டை உள்ளே மறந்தாலும் இன்ஜின் அதை விழுங்கிச் செத்துவிடும்.

மரூசியா மதியம் உருளைக்கிழங்கு அடைத்து அவித்து, வெங்காயம் வதக்கிப் போட்ட பெரோகிக் கொழுக்கட்டையும் ஒரு வசவும் கொண்டுவருவார். இரண்டும் சூடாக இருக்கும். பின்னிருக்கைக்கான கேன்வாஸ் மூடி எங்குமே கிடைக்கவில்லை என்று நெஸ்டர் முகம் வாடி உட்கார்ந்திருந்தபோது, மரூசியாவே தானிய லாரியின் பழைய தார்ப்பாயை வெட்டித் தைத்துக் கொடுத்தார்.

"இருட்டுக்குள்ள உக்கார இவ்ளோ பாடா? கண்ண மூடிக்கிட்டாப் போதாதா?" என்று கேட்டுக்கொண்டே தைத்தார். தையல் அவ்வளவு நேர்த்தி.

படையில் ஒரு பழக்கம் உண்டு. விமானத்திலிருந்து கழற்றும் ஒவ்வொரு மூடியின் உள்பக்கத்திலும் அதன் எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தைக் குத்திவைப்பார்கள். ஒரே கொட்டகையில் பத்து ஜெட் பிரிந்து கிடக்கும்போது யாருடைய மூடி யாருக்கு என்று குழம்பக் கூடாதல்லவா. நாங்கள் கழற்றிய மூடிகளிலெல்லாம் 418 இருந்தது. ஒவ்வொரு முறையும் நெஸ்டர் கையுறையைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரலால் அந்த எண்ணைத் தடவுவார். குழந்தையின் தலையைத் தடவுவது மாதிரி இருக்கும். நான் பார்க்காததுபோல் திரும்பிக்கொள்வேன்.

2018 ஏப்ரல். வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஒரு மின்இணைப்பைச் சரிபார்க்கப் பின்னிருக்கையின் கருவிப் பலகையைக் கழற்றினேன். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு உள்ளே டார்ச் அடித்தேன். பலகைக்குப் பின்னால், கழற்ற முடியாத சட்டத்திலேயே, ஓர் எண் குத்தியிருந்தது. 263. நகர்ந்து அடுத்த சட்டத்தைப் பார்த்தேன். அங்கும் 263. பக்கத்தில் ஆண்டு, 72.

எனக்கு விளங்கிவிட்டது. தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. பெரிய பழுது பார்க்கும்போது ஒரு ஜெட்டின் முன்பாதி கெட்டுப்போயிருந்தால், இன்னொரு ஜெட்டின் நல்ல முன்பாதியை வெட்டி இதில் பொருத்திவிடுவார்கள். மூடிகள் பழையதே இருக்கும். எண் தகடும் பழையதே இருக்கும். படைக்கு அந்தத் தகடுதான் விமானம். நெஸ்டர் உட்கார்ந்து தோற்ற இருக்கை, அந்த இடம் மொத்தமும், 1972-லேயே பழைய இரும்பாகப் போய்விட்டது. நூற்று அறுபது ஏக்கருக்கு அவர் வாங்கியது ஒரு தகட்டையும் ஒரு வாலையும்தான்.

பலகையைத் திரும்ப மூடினேன். எட்டு ஸ்க்ரூ. என் வேலைப் புத்தகத்தில் உண்மையை எழுதினேன். அதில் நான் பொய் எழுதமாட்டேன். நெஸ்டர் அந்தப் புத்தகத்தைப் புரட்டுகிற ஆள் இல்லை.

அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். அவர் தேறிவிட்டால், அன்று கருவிதான் பொய் சொன்னது என்று நிம்மதியாக இருப்பார். நான் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்? தோற்றுவிட்டால்? அப்போது இந்த எண் என் கையில் இருக்கும். 'யோவ், இது அந்த சீட்டே இல்ல, இதுல தோத்தா அது கணக்கில்ல' என்று சொல்லிவிடலாம். இரண்டு வழியிலும் அவரைக் காப்பாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஓட்டுவதற்கு டூகல் வந்தார். படையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஜெட் ஓட்ட அனுமதி உள்ளவர், பக்கத்து ஊர். நெஸ்டரைவிட மூன்று வயதுதான் சின்னவர், ஆனாலும் 'பெரியவரே' என்றுதான் கூப்பிடுவார். முதல் சில மணி நேரம் அவர் தனியாகத்தான் பறக்க வேண்டும், அது விதி. ஜூனிலும் ஜூலையிலும் அவர் பறக்கும்போதெல்லாம் நெஸ்டர் ஓடுதளத்தின் ஓரத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. ஐந்து வயதுக் குழந்தை மிட்டாய்க் கடைக்கு வெளியே நிற்கும்போதும் அப்படி ஏங்காது.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை, காற்றே இல்லை. நெஸ்டர் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். மரூசியாவும் வந்திருந்தார், கையில் பெரோகிப் பாத்திரம்.

"கோயிலுக்குப் போகச் சொன்னா இந்தச் சட்டை அழுக்குன்னு சொல்லுவாரு" என்றார்.

நான் ஏணியில் ஏறி நெஸ்டருக்குப் பட்டைகளை மாட்டினேன். வழியில் கேன்வாஸைத் தானே இழுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

"பெரியவரே, வாந்தி வந்தா உங்க பக்கமே எடுத்துக்கோங்க" என்று முன்னாலிருந்து டூகல் சத்தம் போட்டார்.

"நீ வண்டிய ஒழுங்கா ஓட்டு. நான் இருபத்திரெண்டு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினவன், வாந்தி எனக்குப் புதுசா?"

போனார்கள். முப்பத்தைந்து நிமிஷம்.

திரும்பி வந்து நின்றதும் டூகல் இறங்கினார். என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார், இல்லை என்று. நான் ஏணியில் ஏறினேன். நெஸ்டர் பட்டையைக்கூடக் கழற்றாமல் கருவிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அதே எடம் ரூனா. பாதி வட்டம்."

"எவ்ளோ?"

"முந்நூத்தி எண்பது அடி." சிரிக்க முயன்றார். "அம்பத்தோரு வருஷத்துல இருபது அடி முன்னேறியிருக்கேன்."

கையை நீட்டி அடிவானக் கருவியைத் தொட்டார்.

"கருவி சரியாத்தான் காட்டுச்சு. நான் என் கண்ணால பாத்தேன். சாஞ்சிருக்கேன்னு அது சொல்லுச்சு, நேராத்தான் இருக்கேன்னு ஒடம்பு சொல்லுச்சு. நான் ஒடம்பு பேச்சத்தான் கேட்டேன். அன்னைக்கும் இதேதான் நடந்திருக்கும். பாவம், ஒரு நல்ல கருவி மேல ஆயுசு பூரா பழி போட்டிருக்கேன்."

இதுதான் நேரம் என்று நினைத்தேன். அவரைக் கீழே இறக்கினேன். ஸ்க்ரூ முடுக்கியை எடுத்துக்கொண்டு ஏறி, எட்டு ஸ்க்ரூவையும் கழற்றினேன். பிறகு அவரை ஏணியில் ஏறச்சொல்லி டார்ச்சைக் கையில் கொடுத்தேன்.

"பாரு. 263. எழுபத்திரண்டாம் வருஷம் மாத்தியிருக்கானுங்க. இது உன் சீட்டே இல்ல. உன் சீட்டு எப்பவோ உருகி யார் வீட்டுக் கொதிகெண்டியாவோ ஆயிடுச்சு. இதுல தோத்ததெல்லாம் சேர்த்தி இல்ல. கேக்குதா?"

அவர் டார்ச்சை அணைத்தார். உள்ளே பார்க்கவே இல்லை.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"மொத குளிர்காலத்துலயே பாத்துட்டேன். நீ நெஞ்சுச்சளி புடிச்சு ரெண்டு வாரம் வரல பாரு, அப்ப."

எனக்குத் தலைக்கு ஏறியது. "பன்னெண்டு வருஷம்! அந்த இடுக்குக்குள்ள பூந்து பூந்து என் முதுகு போச்சு! தெரிஞ்சும் ஏன்யா சொல்லல? அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?"

"சொல்லியிருந்தா நீ போயிருப்பே" என்றார். பொய்யில்லை. போயிருப்பேன்.

ஏணியிலிருந்து இறங்கி அதன் பக்கத்திலேயே நின்றார். தலைக்கவசத்தை இரண்டு கையாலும் வயிற்றோடு பிடித்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கும் நான் இப்டித்தான் நின்னேன் ரூனா. தேர்வாளர் உள்ள போயிட்டாரு. நான் போகல. ஏணிகிட்டயே நின்னேன். திட்டினாக்கூடப் பரவால்ல. 'சரி, இன்னொரு தடவ போய்ட்டு வா'ன்னு யாராவது சொல்லிடுவாங்கன்னு நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன். அப்புறம் ஒரு மெக்கானிக் வந்தாரு. 'தம்பி, கொஞ்சம் தள்ளிக்கோ, எண்ணெய் போடணும்'னாரு. அடுத்த பையனுக்கு." ஒரு நிமிஷம் நிறுத்தினார். மேலே விமானம் எதுவும் போகவில்லை. "கருவி பொய் சொல்லல, அது எனக்கு உள்ளுக்குள்ள எப்பவோ தெரியும்னுதான் தோணுது. வெளிய சொல்லிக்கிறதுக்கு அது ஒரு காரணம். எனக்கு அந்த இன்னொரு தடவதான் வேணும்னு இருந்துச்சு. வேற ஒண்ணுமே இல்ல."

டூகல் தன் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் ஓயாத மனிதர். இப்போது மெதுவாகச் சொன்னார்.

"அந்தத் திருப்பத்துல நான் எழுநூறு அடி விட்டேன் பெரியவரே. முதல் தடவ எழுநூறு, அடுத்த தடவ ஐநூறு. மூணாவதுலதான் தேறினேன். எனக்கு வாய்ச்ச தேர்வாளர் நல்ல மனுஷன், அவ்ளோதான்."

நெஸ்டர் தலையசைத்தார். அவர் அதற்காகக் கோபப்படவில்லை. நான்தான் கோபப்பட்டேன். என் கணக்கும் என் 263-ம் எவ்வளவு அற்பம் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அவரைக் காப்பாற்றக் கையில் ஒரு எண் வைத்திருந்தேன். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு சொல். அதைச் சொல்ல உரிமமோ கையெழுத்தோ வேண்டாம், வாய் இருந்தால் போதும்.

ஏணியில் ஏறிப் பலகையை மூடினேன். எட்டு ஸ்க்ரூவையும் முடுக்கி, இரண்டு முறை எண்ணினேன். இறங்கி, ஜெட்டுக்கு எரிபொருள் நிரப்பும் எண்ணெய் வண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திக் குழாயை இழுத்தேன். நெஸ்டர் அங்கேயே, நான் போகவேண்டிய வழியில் நின்றுகொண்டிருந்தார்.

"யோவ், கொஞ்சம் தள்ளிக்கோ. எண்ணெய் போடணும்" என்றேன்.

அவர் சட்டென்று விலகினார். இருபது வயதுப் பையனாகத்தான் விலகினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"யாருக்கு?"

"உனக்குத்தான்யா. இன்னொரு தடவ போய்ட்டு வா."

அவருக்கு வாய் கோணியது. கையிலிருந்த தலைக்கவசத்தை மாட்ட முயன்றார், முடியவில்லை. மரூசியா பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு வந்து அதை வாங்கி அவர் தலையில் மாட்டினார், முகவாய்க்குக் கீழே பட்டையை இழுத்துப் பூட்டினார்.

"பெரோகி ஆறிடுமே" என்றார் நெஸ்டர்.

"ஆறினாச் சுட வெக்கத் தெரியும். நீ போ."

இந்த முறை ஏணியின் உச்சியில் நின்று நானே கேன்வாஸை அவர் தலைக்கு மேல் இழுத்து மூடினேன். மூடும்வரை அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். டூகல் கட்டைவிரலைக் காட்டினார். இன்ஜின் மெல்ல முனகி, பிறகு அலறியது. ஓடுதளத்தின் கோடிவரை போய்த் திரும்பி, எங்களைத் தாண்டி மேலே ஏறினார்கள்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த மனுஷன் மூணாவது தடவ கேட்டாலும்..." என்று ஆரம்பித்தேன். மரூசியா கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். சத்தம் முழுவதும் அடங்கும்வரை நாங்கள் இருவரும் பேசவில்லை.